டயருக்குக் காற்றடிக்கும் குட்டி கம்ப்ரசர்: இரண்டு வருட வார இறுதிப் பயணங்களுக்குப் பிறகு

நகரத்தை விட்டு இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டினால் போய்ச் சேரக்கூடிய இடங்களுக்கு மாதம் இரண்டு தடவையாவது கிளம்பிவிடுகிறவர்கள் நாங்கள். சனிக்கிழமை விடிவதற்கு முன் புறப்பாடு, ஒரு ராத்திரி தங்கல், ஞாயிறு சாயங்காலம் திரும்புதல், அவ்வளவுதான் திட்டம். இதற்கென்று வாங்கிய சாமான்களில் பல இப்போது பரணில் இருக்கின்றன. மடக்கு மேசை, கூரையில் கட்டும் பை, காருக்குள் வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் நல்ல பொருட்கள்தான், ஆனால் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அவை தேவைப்படவில்லை. ஒரே ஒரு பொருள் மட்டும் இந்த இரண்டு வருடத்தில் ஒரு பயணத்தில்கூட விட்டுப்போனதில்லை. டயருக்குக் காற்றடிக்கும் குட்டி கம்ப்ரசர். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. முதலில் வாங்கியது காரின் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற வயர் உள்ளது. 14 மாதத்துக்கு முன் வாங்கியது உள்ளேயே பேட்டரி உள்ள, கையில் அடங்குகிற வயரில்லாதது. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. கடையில் இருக்கும் இந்த வகைக் கருவிகளில் பல உள்ளுக்குள் ஏறத்தாழ ஒன்றேதான், மேல் ஓடும் ஸ்டிக்கரும்தான் வேறு. எந்தப் பெயர் என்பதைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உதவும்.

வாங்க வைத்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு, இருட்டிவிட்டது, நகரத்துக்கு இன்னும் 60 கிலோமீட்டர் இருக்கும்போது ஸ்டியரிங் இடது பக்கம் லேசாக இழுக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் முன் இடது டயர் பாதி படுத்துவிட்டது. நடுவில் ஒரு ஆணித் தலை பளபளக்கிறது. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று டிக்கியில் இருந்த பைகளை எல்லாம் இறக்கி, மகளை ரோட்டிலிருந்து தள்ளி நிற்க வைத்து, ஜாக்கி போட்டு, நட்டு கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்கினேன். இறங்கின வேகத்தில் அதுவும் தரையோடு தரையாக உட்கார்ந்தது. வண்டி வாங்கி நான்கு வருடம், அந்த ஸ்டெப்னியில் ஒருவரும் காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்ததே இல்லை. எந்த டயரும் ஓட்டை இல்லாமலே மாதம் ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இழக்கும். ரப்பர் வழியாகவே காற்று கசியும். நான்கு வருடத்தில் என்ன மிச்சம் இருக்கும்? பெரிய வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சாலை ஓரத்தில், பிள்ளையோடும் மனைவியோடும் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாளே வயர் கம்ப்ரசர் வாங்கினேன்.

ஆனால் இப்போது இதை வாங்கச் சொல்கிறேன் என்றால் பஞ்சருக்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் பஞ்சருக்கு இது பயன்பட்டது மூன்றே தடவை. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டு வாசலில் பயன்பட்டது நாற்பது தடவைக்கு மேல். அதுதான் விஷயம்.

காரணம் இது. உங்கள் காரில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ டயர் அழுத்தம் எழுதிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இருக்கும் எண் டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய எண். குளிர்ந்தது என்றால் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியப் பார்க்கும், அழுத்தம் ஏறும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பது பழைய கணக்கு. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலே மூன்று, நான்கு பிஎஸ்ஐ ஏறிவிடும்.

இப்போது பாருங்கள், நாங்கள் முன்பு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று. சனிக்கிழமை காலை கிளம்புவோம். வழியில் பெட்ரோல் போட நிற்கும்போதுதான் காற்று ஞாபகம் வரும். நாற்பது நிமிடம் ஓட்டியாயிற்று, டயர் தொட்டால் சுடுகிறது. குழாயைப் பிடித்தவர் கேஜைப் பார்த்து, "சார், முப்பத்தேழு இருக்கு, குறைச்சிடவா?" என்பார். ஸ்டிக்கரில் 33 என்று இருப்பது எனக்குத் தெரியும், அதனால் சரி என்பேன். அவர் நான்கு டயரிலும் காற்றை இறக்கி 33 ஆக்குவார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் கேட்டதைத்தான் செய்தார். மறுநாள் காலை அதே டயர் ஆறிய பிறகு 29 தான் இருக்கும். திரும்பி வரும்போது ஆட்கள், மூட்டைகள் என்று வண்டி நிறைந்திருக்க, வேண்டிய அளவைவிட நான்கு பிஎஸ்ஐ குறைவாக வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்திருக்கிறோம், வருடக்கணக்காக. சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்கக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டில் ஒரு கம்ப்ரசர் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. டயர் குளிர்ந்திருக்கும் ஒரே இடம் வண்டி நிற்கிற இடம்தான். அங்கேயே அளந்து, அங்கேயே அடித்துக்கொள்ளலாம்.

வார இறுதி ஓட்டத்துக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐந்து நாள் அந்த வண்டி நகரத்துக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும், அல்லது கீழே நின்றுகொண்டிருக்கும். ஓட்டுகிற ஒருவர் மட்டும்தான் உள்ளே. காற்று குறைந்திருந்தாலும் அந்த வேகத்தில் தெரியாது. ஆறாவது நாள் திடீரென்று ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம், தொடர்ந்து மூன்று மணி நேரம். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சுடுமே, அதே மாதிரி அந்த ரப்பர் சூடாகும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்று அதிகமானதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பல நேரம் குறைவான காற்றுதான் காரணம்.

ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஒன்று இரண்டு, மூன்று பேருக்கு, மற்றது முழுப் பாரத்துக்கு. எங்கள் வண்டியில் முழுப் பாரத்துக்கு முன்னால் 33, பின்னால் 38 என்று போட்டிருக்கிறது. ஐந்து பிஎஸ்ஐ வித்தியாசம், சின்ன விஷயம் இல்லை. பயணத்துக்கு முன் பின் டயர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும், திரும்பி வந்து ஒரு நாள் கழித்துக் குறைத்துக்கொள்ளலாம். கம்ப்ரசர் இல்லாமல் இதை யார் செய்வார்கள்? டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

சரி, கருவிக்கு வருகிறேன்.

வயர் உள்ள கம்ப்ரசர் ஒரு கனமான செங்கல் அளவு இருக்கும். 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகினால் 10 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் எஞ்சினை ஓடவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், அதையும் திறந்த வெளியில் மட்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சின் ஓடினால் அந்தப் புகை உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேகம் நன்றாக இருக்கிறது. எங்கள் 15 அங்குல டயரை 28-லிருந்து 33-க்குக் கொண்டுவர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆணி குத்தி எட்டு பிஎஸ்ஐக்கு இறங்கிப்போன டயரை நான்கு நிமிடத்தில் நிமிர்த்தியிருக்கிறது. பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று எழுதியிருந்தது. அது எதிரில் ஒரு அழுத்தமும் இல்லாமல் வெறும் காற்றில் ஊதும்போது கிடைக்கிற அளவு. முப்பது பிஎஸ்ஐயை எதிர்த்துத் தள்ளும்போது அதில் பாதிகூட வராது. எல்லாப் பெட்டியிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால் அந்த எண்ணை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடலாம், நேரத்தைக் கணக்குப் போட முடியாது.

அதன் பெரிய குறை வயரின் நீளம். மூன்று மீட்டர் என்றார்கள். முன் சாக்கெட்டிலிருந்து கதவு வழியாக எடுத்து, வண்டியைச் சுற்றிப் பின் வலது டயருக்குக் கொண்டுபோகும்போது கடைசி ஒரு சாண் போதவில்லை. காற்றுக்குழாயை இழுத்துப் பிடித்து, கம்ப்ரசரைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதிர்வில் கை மரத்துப்போகும். வாங்கும்போது வயரும் குழாயும் சேர்த்து நான்கரை மீட்டராவது வருகிறதா என்று கேளுங்கள். டிக்கியில் தனியாக ஒரு சாக்கெட் உள்ள வண்டி என்றால் கவலை இல்லை.

இன்னொன்று, சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். இதில் குழாயின் நுனியில் இருக்கும் பித்தளைத் திருகு மூன்றாவது டயர் முடிவதற்குள் விரலைச் சுட்டுவிடும். எனக்கு ஒரு தடவை கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அதிலிருந்து கையில் ஒரு துணியோடுதான் கழற்றுகிறேன். கையேட்டில் எட்டு நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஓய்வு கொடு என்று போட்டிருக்கிறது. அதை மதித்து நடந்தால் கருவி நீடிக்கும்.

வயரில்லாதது முற்றிலும் வேறு சுகம். ஒரு தண்ணீர்ப் பாட்டிலைவிடச் சின்னது. வேண்டிய எண்ணைப் பொத்தானில் வைத்து, வால்வில் மாட்டி, அமுக்கிவிட்டால் அந்த எண் வந்ததும் தானே நின்றுவிடும். 28-லிருந்து 33-க்கு ஒன்றே கால் நிமிடம், எட்டிலிருந்து 33-க்கு ஆறு நிமிடம். முழு சார்ஜில் வழக்கமான வெள்ளிக்கிழமை வேலையை மூன்று வாரம் செய்யும். படுத்த டயர் என்றால் இரண்டு டயருக்குத்தான் வரும். வண்டி பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, மகளின் சைக்கிளுக்கு, பந்துக்கு, ஏரியில் மிதக்க எடுத்துப்போகும் வளையத்துக்கு எல்லாம் இதுதான். வளையத்துக்கு மட்டும் பொறுமை வேண்டும், இந்தக் கருவிகள் அதிக அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று தருபவை. பெரிய கொள்ளளவை நிரப்ப வாயால் ஊதுவதைவிடக் கொஞ்சம்தான் வேகம்.

குறைகள் சொல்கிறேன். சத்தம் காது கிழியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசலில் வைத்து ஓட்டினால் அக்கம்பக்கத்தார் எழுந்துவிடுவார்கள், அதனால் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுகிறோம். திரையில் இருக்கும் எண்கள் வெயிலில் தெரிவதே இல்லை, கையால் நிழல் கட்டித்தான் பார்க்க வேண்டும். குழாயைத் திருகிக் கழற்ற நான்கு சுற்று ஆகிறது. அந்த நான்கு சுற்றில் "ப்ஸ்ஸ்" என்று ஒரு அரை பிஎஸ்ஐ போய்விடும். அதனால் நான் ஒரு பிஎஸ்ஐ கூட்டித்தான் வைக்கிறேன். நெம்புகோல் மாதிரி ஒரே அமுக்கில் மாட்டிக் கழற்றும் நுனி உள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பேட்டரி. லித்தியம் பேட்டரி வெயிலில் நிற்கும் காருக்குள் கிடக்கக் கூடாது. நல்ல வெயிலில் மூடிய காரின் உட்புறம், அதிலும் டேஷ்போர்டு பக்கம், 60 டிகிரியைத் தாண்டிப் போகும். டிக்கியில் அதற்குக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் சூடுதான். நான் முதல் ஐந்து மாதம் டிக்கியிலேயே வைத்திருந்தேன், அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன், சார்ஜ் முன்பு போல நிற்பதில்லை. இப்போது வீட்டில் வைத்து, கிளம்பும்போதுதான் எடுத்துப்போகிறோம். சும்மா கிடந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பார்க்க வேண்டும். அவசரத்துக்கென்று வாங்கி டிக்கியில் போட்டு மறந்துவிடுகிறவர் என்றால் வயரில்லாதது உங்களுக்கு வேண்டாம். தேவைப்படும் அன்று அது எழுந்திருக்காது.

சர்வீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். வயரில்லாததில் முதலில் வந்த கருவி இரண்டாவது மாதத்தில் நின்றுபோனது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை. உத்தரவாதத்துக்குள்தான் இருந்தது. விற்ற கடை நிறுவனத்தைக் கேள் என்றது, நிறுவனம் கடையைக் கேள் என்றது, ஏழு வாரம் இழுத்தார்கள். கடைசியில் புதிது கொடுத்தார்கள், அது இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் அந்த ஏழு வாரம் பழைய வயர் கருவி இருந்ததால்தான் நாங்கள் நிம்மதியாகப் போய்வந்தோம். பில்லை பத்திரப்படுத்துங்கள், வாங்கின வாரத்திலேயே நான்கைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். கெடுவதானால் அப்போதே கெடட்டும்.

அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற கேள்வி வரும். நான் தனியாக ஒரு நல்ல முள் கேஜ் வாங்கி மூன்றையும் ஒப்பிட்டேன். வயர் கருவி ஒன்றரை பிஎஸ்ஐ கூடக் காட்டுகிறது, வயரில்லாதது அரை குறைவாக. எப்போதும் அதே அளவு வித்தியாசம் என்பதால் மனதில் கழித்துக்கொண்டால் போதும். ஆனால் இந்த ஒப்பீட்டை ஒரு தடவை செய்துவிடுங்கள். நான் முதல் நான்கு மாதம் கருவி காட்டியதை அப்படியே நம்பி ஒன்றரை குறைவாக ஓட்டியிருக்கிறேன்.

மலைக்குப் போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, மேலே போனால் மாற்ற வேண்டுமா என்பது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜ் கொஞ்சம் கூடக் காட்டும். அதே சமயம் மேலே குளிர், அதனால் டயருக்குள் அழுத்தம் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறும் பயணத்துக்கு நான் எதையும் மாற்றுவதில்லை. பல நாள் தங்கினால் ஒரு காலை அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு பெர்த்தா பென்ஸ் ஞாபகம் வருவார். 1888 ஆகஸ்டில், காரை உருவாக்கிய கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனவர். காரில் நடந்த முதல் நெடும்பயணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அம்மாவைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பியது, நாம் போகிற மாதிரிதான். வழியில் எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். அதே 1888-ல்தான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். காருக்குக் காற்று டயர் வர இன்னும் சில வருடம் ஆனது. 1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் டயர் செய்து விற்ற மிஷ்லின் சகோதரர்கள் அப்படி ஒரு காரை ஓட்டினார்கள். அவர்களே 1900-ல் ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள், எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும், டயரை எப்படி மாற்றுவது என்றெல்லாம் சொல்லி. ஜனங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினால்தான் டயர் தேயும், விற்கும் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் புத்தகம் அதுதான். வார இறுதி ஊர்சுற்றலும் டயரும் அந்தக் காலத்திலிருந்தே ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை இப்படி நடக்கும். ஆறு மணிக்கு வண்டி வந்து நின்றால் ஒன்பது மணிக்கு நானும் மகளும் இறங்குவோம். அவள் கையில் டார்ச், ஒரு சின்ன நோட்டு. நான் வால்வு மூடியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைப்பேன், கீழே வைத்தால் புல்லில் தொலைந்துவிடும், இரண்டு மூடிகள் அப்படிப் போயின. மூடி சின்னதுதான், ஆனால் தூசி வால்வுக்குள் போகாமல் காப்பது அது. அவள் திரையைப் பார்த்து, "அப்பா, இருபத்தொன்பது... முப்பது... முப்பத்தொண்ணு" என்று சத்தத்துக்கு மேல் கத்துவாள். ஐந்தாவதாக ஸ்டெப்னி. எங்களுடையது முழு அளவு டயர் என்பதால் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று கூட வைத்துவிடுகிறோம், கசிந்தாலும் தாங்கும். அண்ணன் வண்டியில் இருப்பது மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி. அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும், மாட்டினால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. அவரும் வாங்கி ஆறு வருடத்தில் அதைத் தொட்டதில்லை, நாங்கள் வைத்துப் பார்த்தபோது 22 இருந்தது.

அந்த நோட்டுதான் எங்களுக்கு ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. போன வருடம் தொடர்ந்து ஆறு தடவை பின் வலது டயர் மட்டும் மற்ற மூன்றைவிட இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாக இறங்கியிருந்தது. ஆணி ஒன்றும் இல்லை. வண்டியின் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை, அந்த விளக்கு பொதுவாக இருபது, இருபத்தைந்து சதவீதம் குறைந்த பிறகுதான் எரியும், அதற்குள் நீங்கள் எத்தனை பயணம் போயிருப்பீர்களோ. டயர்க்கடையில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது வால்வின் அடி ரப்பரில் முடியளவு வெடிப்பு, அதிலிருந்து குண்டூசித் தலை அளவுக் குமிழி ஒன்று வந்து உடைந்து, மறுபடி வந்தது. வால்வை மாற்ற பத்து நிமிடம். அதை மாற்றாமல் நெடுஞ்சாலையில் முழுப் பாரத்தோடு போய்க்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இது செய்யாததையும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கச் சுவர் கிழிந்த டயரை எந்தக் கம்ப்ரசராலும் காப்பாற்ற முடியாது. ரிம்மை விட்டு டயரின் விளிம்பு கழன்றுவிட்டால், இந்தச் சின்னக் கருவியின் காற்றோட்டம் அதைத் திரும்ப உட்கார வைக்காது. தேய்ந்த டயரைப் புதிதாக்காது, பட்டைகளுக்கு நடுவே ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் பல நாடுகளில் சட்டப்படியே மாற்ற வேண்டும், மழையில் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. ஆணி குத்திய டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்காதீர்கள், அதுவே பாதி அடைப்பாக இருக்கும். காற்றை ஏற்றி, மெதுவாக ஓட்டி, பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி அளந்து, பஞ்சர் கடை வரை போய்விடலாம். மூன்று தடவையும் நாங்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தோம், ஜாக்கியை எடுக்கவே இல்லை. ராத்திரியில் சாலை ஓரம் குனிந்து சக்கரம் மாற்றுவதைவிட இது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு.

எதை வாங்குவது? டிக்கியிலேயே கிடக்க வேண்டும், பராமரிக்க நேரமில்லை என்றால் வயர் உள்ளது. வாரம் தவறாமல் எடுப்பவர், ஒன்றுக்கு மேற்பட்ட வண்டி, சைக்கிள் எல்லாம் வைத்திருப்பவர் என்றால் வயரில்லாதது. உயரமான பெரிய டயர் உள்ள வண்டிகளுக்கு இரண்டுமே திணறும், அவற்றுக்கு பேட்டரி முனையில் நேராகக் கவ்வி மாட்டுகிற பெரிய கம்ப்ரசர் பாருங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு வயர் உள்ளதற்குத்தான், ஐந்துக்கு நான்கரை. வயரில்லாததற்கு மூன்றரை, அந்த ஒன்றைக் குறைப்பது பேட்டரிக்காக. போன வெள்ளிக்கிழமை அது மூன்றாவது டயரில் நின்றுவிட்டது, மகள் ஓடிப்போய்ப் பழைய செங்கல்லை எடுத்துவந்தாள், மீதி இரண்டையும் ஸ்டெப்னியையும் அதுதான் முடித்தது.